டஞ்சன் ஹில்ஸ்: மூன்று குட்டி உச்சிகள், ஒரு முழு நாள்

ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில், காலோவே வனப் பூங்காவின் நடுவில் டஞ்சன் ஹில்ஸ் என்றொரு சின்ன மலைத்தொடர் இருக்கிறது. கிரெய்க்னா 645 மீட்டர், டஞ்சன் ஹில் 620 மீட்டர், மல்வார்க்கர் 692 மீட்டர். மூன்றில் எதுவுமே ஏற்காட்டின் பாதி உயரம்கூட இல்லை. இந்த எண்களைப் பார்த்துவிட்டு "மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்" என்று கிளம்புகிறவர்கள்தான் இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு வழி தேடுகிறார்கள். இங்கே நாளைத் தின்பது தரைதான். உயரத்தைப் பார்த்துத் திட்டமிட்டால் கணக்கு தப்பும்.

பக்கத்திலேயே 843 மீட்டரில் மெரிக் நிற்கிறது. தெற்கு ஸ்காட்லாந்தின் உயரமான மலை அது. உச்சிவரை தெளிவான பாதை இருப்பதால் வருகிறவர்களில் பெரும்பாலோர் அதில் ஏறி இறங்கிவிடுவார்கள். டஞ்சன் பக்கம் முழு நாளும் ஒரு ஆள்கூடக் கண்ணில் படாமல் போகலாம். ஏரிகள் வரைக்கும் ஒற்றையடிப் பாதை உண்டு, அதற்குப் பிறகு கிடையாது. வழிகாட்டிப் பலகை இல்லை, படி இல்லை, கைப்பிடி இல்லை. நல்ல உடல்நிலையும், வரைபடம் பார்த்து நடந்த பழக்கமும் உள்ளவர்களுக்கான வழி இது. ஸ்காட்லாந்தில் இதற்கு முன் மலை நடந்ததே இல்லையென்றால் முதலில் மெரிக் போய்விட்டு வாருங்கள்.

அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடக்கிற எவருக்கும் ஸ்காட்லாந்து மலைகளைத் திறந்துவிட்டிருக்கிறது. வனத்துறை வாசலில் காத்து நின்று பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் வாசலில் யாரும் பெயர் எழுதிக்கொள்ளாததால், நீங்கள் திரும்பி வரவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது. அதற்கான ஏற்பாட்டை நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும்.

தரை ஏன் இப்படி?

இந்த மூன்று மலைகளும் கிரானைட். சுற்றிலும் வளையம்போல நிற்கும் மெரிக், கெல்ஸ் தொடர்கள், கிரானைட்டின் வெப்பத்தில் வெந்து இறுகிய வேறு பாறை. பனியாறு இரண்டையும் வேறு வேறு விதமாகச் செதுக்கியது. மெரிக் புல் போர்த்திய வழவழப்பான முதுகாக மிஞ்சியது. டஞ்சன் பக்கம் வழித்துத் துடைத்த பாறைப் பலகைகளும், அவற்றுக்கு இடையே தண்ணீர் தேங்கும் குழிகளும்தான் மிச்சம். அந்தக் குழிகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காத செடிகள் படிந்து, பீட் என்ற கறுப்புச் சேறாகக் கிடக்கின்றன.

கால் வைக்க மூன்று வகைத் தரை கிடைக்கும். முதலாவது வெறும் பாறைப் பலகை. காய்ந்திருந்தால் சொரசொரவென்று பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும், நடக்க அதைவிட நல்ல தரை கிடையாது. ஈரமானால் கறுத்த பாசி படிந்த இடம் சோப்புக் கட்டிதான். சாம்பல் வெள்ளைப் பகுதியில் கால் வையுங்கள், கறுப்பாக நீர் வடியும் கோடுகளைத் தாண்டிப் போங்கள்.

இரண்டாவது மொலினியா என்ற புல். இது தனித்தனிக் குடுமிகளாக முழங்கால் உயரம்வரை வளரும். குடுமியின் தலையில் மிதித்தால் அது சாய்ந்து கணுக்காலைப் புரட்டிவிடும். இரண்டு குடுமிகளுக்கு நடுவே மிதித்தால் கால் கெண்டைவரை தண்ணீர். குடுமியின் அடிவாரத்தில், பக்கவாட்டாக, பாதத்தை ஒட்டி வைத்து நடப்பதுதான் ஓரளவு சரிவரும். அடி சின்னதாக இருக்கட்டும், உடல் எடையை மெல்ல மாற்றுங்கள். இப்படி ஒரு கிலோமீட்டர் போவது தார்ச்சாலையில் மூன்று கிலோமீட்டர் போவதற்குச் சமம்.

மோசமானது மூன்றாவதுதான்: பாறாங்கற்களின் மேல் வளர்ந்த ஹெதர் புதர். மேலிருந்து பார்த்தால் மெத்தை விரித்ததுபோல் சமமாகத் தெரியும். அடியில் கற்களுக்கு இடையே தொடைவரை கால் இறங்கும் சந்துகள் இருக்கும். கீழ்க்கால் எலும்பு முறிவது இங்கேதான். ஊன்றுகோலால் குத்திப் பார்க்காமல் முழு எடையையும் போடாதீர்கள். இறக்கத்தில் ஓடவே கூடாது.

எப்போது?

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம்வரை முதல் தேர்வு. பழைய புல் காய்ந்து படுத்திருக்கும், பிராக்கன் பெரணி இன்னும் தலை தூக்கியிருக்காது, பகல் நீளம். இரண்டாவது தேர்வு செப்டம்பர் பிற்பாதி. ஜூலை, ஆகஸ்ட்டில் வெயில் இருக்கலாம். ஆனால் புல் வளர்ந்து பள்ளங்களை மூடிவிடும், அதோடு மிட்ஜ் என்ற கண்ணுக்குத் தெரியாத கொசுக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்தான், இந்தச் சுற்றுக்கு அது போதவே போதாது. பிப்ரவரியில் ஒரு வாரம் கடுங்குளிர் விழுந்து சதுப்பு உறைந்திருந்தால் நடை சுகமாக இருக்கும், ஆனால் பனிக்கட்டி படிந்த பாறைப் பலகைக்கு வேறு பயிற்சியும் வேறு கருவிகளும் வேண்டும்.

முந்தின இரண்டு நாட்களின் மழையையும் பாருங்கள். நாளைய முன்னறிவிப்பைவிட அதுதான் ஓடைகளின் மட்டத்தைச் சொல்லும். மலை வானிலைச் சேவைகள் இந்தப் பகுதியை "சதர்ன் அப்லாண்ட்ஸ்" என்ற பெயரில் தருகின்றன. மேகத்தின் அடிமட்டம் 500 மீட்டருக்குக் கீழே என்று போட்டிருந்தால் மூன்று உச்சிகளும் மேகத்துக்குள்தான் என்று பொருள். முதல்முறை போகிறவர்கள் அந்த நாளைத் தள்ளிப்போடுங்கள்.

நேரக் கணக்கு

சுற்று மொத்தம் 18 முதல் 20 கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 1,000 மீட்டர். 1892-இல் நெய்ஸ்மித் வகுத்த பழைய விதிப்படி ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அப்படிப் போட்டால் ஐந்தரை மணியில் முடிய வேண்டும், முடியாது. பாதை இல்லாத நடுப்பகுதியில் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம்.

கணக்கை இப்படிப் போடுங்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து லாக் நெல்ட்ரிக்கன் ஏரிவரை ஒன்றரை முதல் இரண்டு மணி. அங்கிருந்து கிரெய்க்னா உச்சிக்கு ஒன்று முதல் ஒன்றேகால். டஞ்சன் ஹில்லுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை, மல்வார்க்கருக்கும் அதே அளவு. லாக் எனோக் கரைக்கு இறங்க முக்கால் மணி. நெல்ட்ரிக்கனின் மேற்கு முனைக்கு ஒன்று முதல் ஒன்றேகால். காருக்குத் திரும்ப ஒன்றரை முதல் இரண்டு. கூட்டினால் எட்டேகால் முதல் பத்தேகால் மணி வரும். காலை எட்டுக்குக் கிளம்பினால் டஞ்சன் ஹில் உச்சியில் மதியம் ஒரு மணிக்குள் இருக்க வேண்டும். இரண்டரை தாண்டியும் அங்கே போய்ச் சேரவில்லையென்றால் மல்வார்க்கரை விட்டுவிடுங்கள். மலை எங்கேயும் போய்விடாது.

வரைபடம்

பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் லேண்ட்ரேஞ்சர் வரிசையில் 77-ஆம் எண் தாளில் முழுச் சுற்றும் அடங்கும். ஆனால் அது 1:50,000 அளவு, இந்த இடத்துக்கு 1:25,000 அளவில் உள்ள தாளே வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. சமஉயரக் கோடுகளுக்கு இடைவெளி 10 மீட்டர் என்றால், ஒன்பது மீட்டர் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். தாளில் வழவழப்பாகத் தெரியும் சரிவில் இறங்கும்போது திடீரென்று காலடியில் சுவர் வரும். இங்கே அது நாளைக்குப் பத்துமுறை நடக்கும்.

உச்சிகளின் கட்டக் குறிப்புகளை (வரைபடக் கட்டங்களில் இடத்தைக் காட்டும் எண்கள்) முன்கூட்டியே கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள்: கிரெய்க்னா என்எக்ஸ் 459 833, டஞ்சன் ஹில் என்எக்ஸ் 460 850, மல்வார்க்கர் என்எக்ஸ் 454 866. வரைபடத்தையும் இணையம் இல்லாமல் திறக்கும்படி தரவிறக்கி வையுங்கள். க்ளென்ட்ரூல் தாண்டினால் சிக்னலை நம்ப முடியாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், கைபேசியை உள்சட்டைப் பையில் வையுங்கள். இதெல்லாம் இருந்தாலும் காகித வரைபடமும் காம்பஸும் கட்டாயம்.

பையில்

பூட்ஸ் கணுக்கால் மூடும் உயரத்தில், அடிப்பள்ளம் தேயாததாக இருக்கட்டும். எந்த நீர்புகாப் பூட்ஸும் இந்தச் சதுப்பில் மதியம்வரை தாங்காது. மேலிருந்து தண்ணீர் உள்ளே போகும், அதற்கு நீர்புகா உறை ஒன்றும் செய்ய முடியாது. கெய்ட்டர் (பூட்ஸின் வாயையும் கீழ்க்காலையும் மூடும் உறை) போட்டால் கொஞ்சம் தாமதப்படுத்தலாம். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொண்டு ஒன்றை மதியம் மாற்றுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், பருத்திச் சட்டையும் வேண்டாம். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜூன் மாதத்திலும் நீர்புகாச் சட்டை, நீர்புகாக் கால்சட்டை, கூடுதலாக ஒரு கதகதப்புச் சட்டை, குல்லாய், கையுறை எல்லாம் உள்ளே இருக்க வேண்டும்.

ஊன்றுகோல் ஒரு ஜோடி, தலைவிளக்கு, ஆளுக்கொரு அவசர உறைப்பை (படலம் அல்ல, உள்ளே நுழைந்துகொள்ளும் தடித்த ஆரஞ்சுப் பை), விசில், சின்ன முதலுதவிப் பை, உண்ணி எடுக்கும் கொக்கி. ஒன்றரை லிட்டர் தண்ணீர் போதும். ஓடைத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருப்பது பீட்டின் சாயம். ஆனால் ஆடு மேயும் நிலம் என்பதால் வடிகட்டியோ மாத்திரையோ போட்டே குடியுங்கள்.

சாப்பாட்டில் ஒரு சங்கதி. புளியோதரை கட்டிப் போகும் பழக்கம் நமக்கு உண்டு. எட்டு டிகிரிக் குளிரில் ஐந்து மணி நேரம் கிடந்த சோறு விறைத்து மணல்போல் உதிரும், உட்கார்ந்து சாப்பிடக் காற்றும் விடாது. சப்பாத்திக்குள் உருளைக்கிழங்குப் பொரியலைச் சுருட்டிப் படலத்தில் மடித்தால் நின்றபடியே தின்னலாம். கடலை மிட்டாய் ஆளுக்கு 200 கிராம், குறைந்த எடையில் நிறைய சக்தி தரும். குடுவையில் சூடான தேநீர். பசிக்கும்வரை காத்திராமல் மணிக்கொரு தடவை ஏதாவது வாயில் போடுங்கள்.

வழி

க்ளாஸ்கோவிலிருந்து கிர்வன் வழியாகக் காரில் சுமார் இரண்டரை மணி நேரம். ஏ714 சாலையில் பார்கிரென்னனில் திரும்பி, க்ளென்ட்ரூல் கிராமம் தாண்டி, சாலை முடிகிற இடம்வரை போங்கள். அங்கேதான் புரூஸ் கல். 1307-இல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் ஆட்கள் எதிர்ச் சரிவிலிருந்து பாறைகளை உருட்டி ஆங்கிலேயப் படையைச் சிதறடித்ததன் நினைவாக 1929-இல் வைத்தது. பேருந்து அங்கே போகாது. கடைசிப் பகுதி ஒற்றைத் தடச் சாலை, ஒதுங்கும் இடங்களில் காரை நிறுத்திவிடாதீர்கள்.

*1. புரூஸ் கல் – லாக் வேலி.* முதல் தவறு கார் நிறுத்துமிடத்திலேயே நடக்கிறது. கூட்டம் போகிற, மெரிக் என்று பலகை போட்ட பாதை இடப்பக்கம் மேலேறும். அதில் போகாதீர்கள். கிழக்கே கீழிறங்கும் வண்டித்தடத்தில் போய் பக்கன் ஓடைப் பாலத்தைத் தாண்டுங்கள். கொஞ்ச தூரத்தில் இடப்பக்கச் சரிவில் ஏறும் ஒற்றையடிப் பாதைதான் உங்களுடையது. பெரணிகளுக்குள் ஏறி, கார்லண்ட் ஓடை வலப்பக்கம் கீழே தெரிய, பள்ளத்தாக்கோடு மேலே போகும். ஈரமான பாதை. பிரிந்து பிரிந்து சேரும்போது மேல்தடத்தைப் பிடியுங்கள், கீழ்த்தடம் சேற்றில் முடியும். பாதை தட்டையானதும் லாக் வேலி ஏரி முன்னால் விரியும்.

*2. மிட் ஓடை.* லாக் வேலியின் மேற்குக் கரையோடு போனால், மேலே உள்ள லாக் நெல்ட்ரிக்கனிலிருந்து இதற்குள் விழும் சின்ன ஓடை வரும். இதைக் கடந்தால்தான் கிரெய்க்னா. வறண்ட நாளில் நெல்ட்ரிக்கனின் வாயிலுள்ள கற்களில் தாண்டிவிடலாம். மழைக்குப் பிறகு கற்கள் மூழ்கிவிடும். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, அடித்தரை கண்ணுக்குத் தெரிகிறது என்றால் மட்டும் இறங்குங்கள். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றி, தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, இரண்டு கோலையும் முன்னால் ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரே ஊன்றலை மட்டும் நகர்த்திப் பக்கவாட்டாகப் போகவும். பூட்ஸைக் கழற்றாதீர்கள்.

மழை பெய்திருக்கிறது என்று முன்பே தெரிந்தால் இந்தக் கடவையையே தவிர்க்கலாம். காலையில் வண்டித்தடத்திலேயே தொடர்ந்து போய், கார்லண்ட் ஓடையைப் பாலத்தில் தாண்டி, இடப்பக்கம் எழும் ரிக் ஆஃப் தி ஜார்க்னெஸ் என்ற நீண்ட முதுகில் ஏறுங்கள். அது லாக் வேலிக்குத் தெற்கே உங்களைக் கொண்டுபோய், கிரெய்க்னாவின் தெற்குத் தோளில் சேர்த்துவிடும். திரும்பும் வழி எப்படியும் ஏரிகளின் மேற்குப் பக்கம்தான் என்பதால் மிட் ஓடை குறுக்கே வராது. முதுகில் குடுமிப் புல் அதிகம், அரை மணி கூடுதலாகும். வெள்ள ஓடையில் இறங்குவதைவிட அது மேல்.

*3. கிரெய்க்னா.* ஏரி வாயிலிருந்து கிழக்கு-வடகிழக்காக ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ஏற்றம் 300 மீட்டர். நேர்கோட்டில் ஏறினால் பாறைப் பலகையின் அடியில் போய் முட்டுவீர்கள். ஏறத் தொடங்கும் முன் பத்து நிமிடம் நின்று, பலகைகளுக்கு இடையே சாய்வாகப் போகும் புல் பட்டைகளைக் கண்ணால் கோத்துக்கொள்ளுங்கள். அருகே போனபின் அவை தெரியாது. பலகை குறுக்கிட்டால் கையால் பிடித்து ஏறுவதைவிட, முப்பது மீட்டர் பக்கவாட்டாக நகர்ந்தாலே வழி கிடைக்கும். உச்சியில் கற்குவியல். கிழக்கே செங்குத்தாக விழுகிற பக்கத்துக்கு அப்பால் சில்வர் ஃப்ளோ என்ற பெருஞ்சதுப்பு வெள்ளிக் காசுகள் கொட்டியதுபோல் மின்னும்.

இதே மலையில் 1979 டிசம்பரில் ஓர் அமெரிக்க எஃப்-111 போர் விமானம் மோதி இரண்டு விமானிகள் இறந்தார்கள். அவர்களுக்கான நினைவுப் பலகையோ உலோகத் துண்டுகளோ கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டுப் போங்கள்.

*4. டெவில்ஸ் போலிங் கிரீன்.* உச்சியிலிருந்து நேர் வடக்கே இறங்கினால் பாறைப் படிகளில் சிக்குவீர்கள். முதலில் வடமேற்காக இறங்குங்கள். திடீரென்று டென்னிஸ் மைதானம்போல் தட்டையான கிரானைட் தளம் வரும். அதன் மேல் உருண்டைக் கற்கள், யாரோ விளையாட்டைப் பாதியில் விட்டுப் போனதுபோல் சிதறிக் கிடக்கும். பனியாறு உருகும்போது சுமந்து வந்ததை அங்கங்கே இறக்கிவிட்டுப் போன கற்கள் அவை. ஒரு கல்லின் பக்கத்தில் குனிந்து தளத்தைப் பாருங்கள். கீழே பாறை தேய்ந்து வழவழவென்றிருக்கும், மேலே உட்கார்ந்திருக்கும் கல்லுக்கோ முனை முழுக்க மழுங்கியிருக்காது. இந்த முழு நாளில் கால் நிம்மதியாக வைக்கக்கூடிய இடம் இதுதான், இடைவேளையை இங்கே எடுங்கள். பிறகு வடக்கே திரும்பி நிக் ஆஃப் தி டஞ்சன் என்ற கணவாய்க்கு இறங்குங்கள்.

*5. டஞ்சன் ஹில்.* கணவாயிலிருந்து வடக்கே க்ரெய்க்நெய்ர்னி என்ற மேட்டின் மேலாக உச்சி. தூரம் குறைவு, ஆனால் ஏறி இறங்கி ஏறும் சிறு திட்டுகள் நிறைய. ஒவ்வொரு திட்டிலும் "இதுதான் உச்சி" என்று தோன்றும். கிழக்கு விளிம்பை விட்டு ஐம்பது மீட்டராவது உள்ளே தள்ளி நடங்கள், அந்தப் பக்கம் பாறையேறிகள் கயிறு கட்டி ஏறும் முகங்கள் இருக்கின்றன.

*6. மல்வார்க்கர்.* உச்சி உங்களுக்கு வடக்கு-வடமேற்கே, காம்பஸில் சுமார் 340 டிகிரி, நேர்கோட்டில் 1.7 கிலோமீட்டர். நேர்கோட்டில் போவதுதான் இந்தச் சுற்றின் இரண்டாவது பெரிய தவறு. அது உங்களைப் புல்ஸ்கெய்க் ஓடையின் பள்ளத்தில் இறக்கி, சம்பாதித்த உயரத்தைப் பறித்துவிடும். முதலில் மேற்கே சாய்ந்து, லாக் எனோக் ஏரியை இடப்பக்கம் வைத்து, உயரம் அதிகம் குறையாமல் வளைந்து போய்ப் பிறகு வடக்கே ஏறுங்கள். ஏறக்குறைய 200 மீட்டர் ஏற்றம். பகலின் பிற்பகுதியில் கால் கனக்கும் நேரம், மெதுவாகப் போங்கள்.

1970-களின் இறுதியில் அணுக்கழிவைப் புதைக்க முடியுமா என்று பார்க்க இந்த மலையில் சோதனைத் துளை போடத் திட்டமிட்டார்கள். ஊர் மக்கள் எதிர்த்தார்கள், 1980-இல் அயர் நகரில் பொது விசாரணை நடந்தது, துளை போடவே இல்லை. கெட்டியான கிரானைட், அக்கம்பக்கம் ஆளே இல்லை என்பதுதான் அன்று இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம். உச்சியில் நின்று சுற்றிப் பார்த்தால் அந்தக் கணக்கு புரியும், கோபமும் வரும்.

*7. லாக் எனோக்.* தெற்கு-தென்மேற்காக இறங்கி ஏரியின் கிழக்குக் கரையைப் பிடியுங்கள். ஏறக்குறைய 490 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏரி. கரையில் கிரானைட் பொடிந்து உண்டான வெள்ளை மணல். கையில் அள்ளித் தேய்த்துப் பாருங்கள், ஆற்றுமணல்போல் உருளாமல் குத்தும். ஒரு காலத்தில் புல்லரிவாள் தீட்ட இதை எடுத்துப் போனார்கள். ஏரியிலுள்ள தீவு ஒன்றுக்குள்ளேயே இன்னொரு குட்டி ஏரி இருக்கிறது.

இங்கே நின்று ஒரு முடிவெடுக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் மிச்சம், கால்களும் தெம்பாக இருக்கின்றன, மெரிக் உச்சியில் மேகம் இல்லை என்றால், மேற்கே ரெட்ஸ்டோன் ரிக் என்ற சரிவில் 350 மீட்டர் ஏறி மெரிக்கை அடைந்து, பென்யெல்லரி வழியாகத் தெளிவான பாதையில் காருக்கு இறங்கலாம். ஏற்றம் கூடுதல்தான், ஆனால் கடைசி ஆறு கிலோமீட்டருக்கு மேல் நல்ல பாதை, இருட்டினாலும் தொலைய மாட்டீர்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் ஏரி வழியே திரும்புங்கள்.

*8. திரும்பும் வழி.* எனோக்கின் தென்கரையிலிருந்து தெற்கே லாக் ஆரன் என்ற சின்னக் குட்டையைத் தாண்டி, நெல்ட்ரிக்கனின் மேற்கு முனைக்கு இறங்குங்கள். அங்கே நாணல் வளையத்துக்கு நடுவே வட்டமாகத் தெரியும் நீர்தான் "மர்டர் ஹோல்". கொள்ளையர் வழிப்போக்கர்களை அதில் தள்ளினார்கள் என்பது கதை. கதை பொய்யாக இருந்தாலும் நாணலுக்குள் கால் வைக்காதீர்கள். அங்கிருந்து ஒற்றையடிப் பாதை லாக் வேலிக்கும், காலையில் வந்த தடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

தப்பிக்கும் பக்கம் மேற்கு

களைப்பு, காயம், வானிலை, எதுவானாலும் தொடரின் மேற்குப் பக்கம் இறங்குங்கள். நிக் ஆஃப் தி டஞ்சனிலிருந்து மேற்கே சரிந்தால் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் முடியும், ஏரியிலிருந்து பாதை. கிழக்கே இறங்கினால் பாறை முகம், அதன் கீழே சில்வர் ஃப்ளோ. அது உலகளவில் பாதுகாக்கப்படும் ராம்சர் சதுப்பு. நிறைய நீர்க்கண்கள், ஆழம் தெரியாது. அதற்கு அப்பால் பேக்ஹில் ஆஃப் புஷ் என்ற ஒதுங்கு வீட்டை வரைபடத்தில் பார்த்துவிட்டு, "இரவு அங்கே தங்கிக்கொள்ளலாம்" என்று சதுப்புக்குள் இறங்குவது நல்ல யோசனை அல்ல. உங்கள் கார் மலைக்கு மறுபக்கம் இருக்கிறது.

மேகம் இறங்கிவிட்டால் அடி எண்ணித் தூரம் அளக்கும் முறை இங்கே கைகொடுக்காது. சமதரையில் நூறு மீட்டருக்கு 65 இரட்டை அடி வைப்பவர் குடுமிப் புல்லில் 90 வைப்பார், பாறையில் வேறு எண் வரும். ஏரிகளைக் கைப்பிடியாக வைத்துக்கொள்ளுங்கள். நெல்ட்ரிக்கனும் எனோக்கும் பெரிய நீர்ப்பரப்புகள், தொடரிலிருந்து மேற்கே போனால் தவறவிடுவது கடினம். காம்பஸில் மேற்கு எடுத்து, தண்ணீர் காலில் தட்டும்வரை போய், கரையோடு தெற்கே திரும்புங்கள். உச்சியருகே கிரானைட் உங்களை ஏமாற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். மேகத்துக்குள் ஐந்து மீட்டர்ப் பாறை ஐம்பது மீட்டர் மலைபோலத் தெரியும்.

உதவி வேண்டும் என்றால்

கிளம்பும் முன் ஒருவரிடம் வழி, ஆள் எண்ணிக்கை, கார் நிறம், "இத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் போலீஸைக் கூப்பிடு" என்ற நேரம், நான்கையும் எழுதிக் கொடுங்கள். மலையிலிருந்து 999 அல்லது 112. முதலில் போலீஸ் என்று கேட்டு, பிறகு மலை மீட்பு என்று சொல்ல வேண்டும். நேரே மலை மீட்பு என்று கேட்டால் குழப்பம்தான். பேச்சு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி சில நேரம் போகும். அதற்கு வீட்டிலிருக்கும்போதே "ரெஜிஸ்டர்" என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. விசில் சமிக்ஞை: ஒரு நிமிடத்தில் ஆறு ஊதல், ஒரு நிமிடம் அமைதி, மறுபடி ஆறு. காத்திருக்கும்போது காயம்பட்டவருக்கு மேலே போர்த்துவதற்கு முன் அடியில் பைகளைப் பரப்புங்கள், ஈரத் தரைதான் சூட்டை வேகமாக இழுக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

பெரணியும் புல்லும் உண்ணிகளின் வீடு. அன்றிரவே முழங்காலின் பின்புறம், இடுப்புப் பட்டை, அக்குள், முடி ஓரம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். குட்டி உண்ணி எள்ளைவிடச் சிறியது, மச்சம் என்று விட்டுவிடுவீர்கள். கொக்கியைத் தோலோடு ஒட்டி நுழைத்து மெல்லத் திருப்பி எடுங்கள். எண்ணெய் தடவுவதும் தீக்குச்சியால் சுடுவதும் அதைக் கடித்த இடத்திலேயே கக்க வைக்கும். எடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். மூன்று நாள் முதல் ஒரு மாதத்துக்குள் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் விரிந்தாலோ, காரணமில்லாமல் காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தாலோ, லைம் நோய்க்குப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் அந்தத் தேதியோடு போங்கள். பூட்ஸை ஹீட்டர் மேல் வைக்காமல், உள்ளே செய்தித்தாள் திணித்து இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருந்தால் மறுநாள் மாலைக்குள் காய்ந்துவிடும்.